டாவோஸ் பக்கம் ஞாயிற்றுக்கிழமை மலையேற்றம்: பனி குறைவு, எச்சரிக்கை நிலை 3. போகலாமா?

ஆரே_கரை | வியாழன், இரவு 8.10

வணக்கம். பேர்னில் இருந்து எழுதுகிறேன். என்னோடு வேலை செய்யும் நால்வரும் நானும் இந்த ஞாயிற்றுக்கிழமை டாவோசுக்குப் போய், டிஷ்மா பள்ளத்தாக்கில் இருந்து ஒரு முகட்டுக்கு ஏறுவதாகத் திட்டம். மூன்று பேர் ஸ்கீயில், நானும் இன்னொரு பெண்ணும் ஸ்னோஷூவில் (பனியில் புதையாமல் நடக்கக் காலில் கட்டும் அகலச் சட்டம்). முகடு 2,600 மீற்றருக்குச் சற்று மேலே இருக்கிறது. ஏறும் பக்கம் வடக்கு நோக்கிய சரிவு. சுவிஸ் அரசின் சுவிஸ்டோப்போ வரைபடத்தில் சரிவுக்கான நிறங்களைப் போட்டுப் பார்த்தேன். மேல்பகுதி முழுவதும் மஞ்சளும் செம்மஞ்சளுமாக, அதாவது முப்பது பாகைக்கு மேல் சாய்வாக இருக்கிறது.

இன்று மாலை ஐந்து மணிக்கு வந்த பனிச்சரிவு அறிக்கையையும் படித்தேன். டாவோஸ் பகுதிக்கு நிலை 3. மேற்கில் தொடங்கி வடக்கு வழியாகக் கிழக்கு வரையான சரிவுகளில், 2,200 மீற்றருக்கு மேலே பழைய பனிதான் பிரச்சினை என்று போட்டிருக்கிறார்கள். ஓர் ஆளின் எடையே போதும், தூரத்தில் நின்றாலும் பனிச்சரிவு கிளம்பலாம் என்றும் ஒரு வரி இருக்கிறது.

நண்பர்கள் சொல்வது இதுதான். ஐந்தில் மூன்று என்றால் நடுத்தரம், குளிர்காலத்தில் பாதி நாள் அப்படித்தான் இருக்கும். இந்த வருடம் பனியே குறைவு, டிஷ்மாவில் கற்கள்கூட வெளியே தெரிகின்றன, சரிவதற்கு அங்கே என்ன இருக்கிறது? போன வாரம் அதே பாதையில் ஆட்கள் போய்வந்த தடங்களை யாரோ படம் போட்டிருந்தார்கள். எல்லோரிடமும் பனிச்சரிவில் புதைந்தவரைத் தேடும் எல்.வி.எஸ். கருவி இருக்கிறது, எனக்கும் ஒன்றை இரவல் தருவார்கள்.

அம்மாவுக்கு விஷயம் தெரிந்ததில் இருந்து, "பனிமலை எல்லாம் வெள்ளைக்காரருடைய விளையாட்டு, உனக்கு எதற்கு?" என்று ஒரே பேச்சு. அம்மாவின் பயமும் நண்பர்களின் தைரியமும் இரண்டுமே எனக்குக் காரணமாகத் தெரியவில்லை. பனி குறைவு என்றால் ஆபத்தும் குறைவுதானே? இல்லை என்றால் ஏன் இல்லை? தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொல்லுங்கள்.


பழையபனி | வியாழன், இரவு 9.35

பிள்ளை, ஞாயிறு அந்தச் சரிவுக்குப் போகவேண்டாம். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். இனி நீங்கள் கேட்ட காரணத்துக்கு வருவோம். நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

நான் எண்பதுகளின் கடைசியில் டாவோசுக்கு வந்து, ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தவன். அங்கே இருந்த தலைமைச் சமையற்காரர் இந்தப் பள்ளத்தாக்கில் பிறந்தவர். ஸ்கீயில் நிற்கச் சொல்லித்தந்தவரும் அவர்தான், பனியைத் தோண்டிப் பார்க்கச் சொல்லித்தந்தவரும் அவர்தான். அன்றில் இருந்து ஒவ்வொரு குளிர்காலமும் நவம்பரிலேயே எனக்குத் தொடங்கிவிடுகிறது. உங்கள் ஞாயிற்றுக்கிழமை ஆபத்தும் நவம்பரிலேயே தொடங்கிவிட்டது.

இந்த வருடம் நடந்ததைப் பாருங்கள். நவம்பர் தொடக்கத்தில் மேலே நாற்பது சென்ரிமீற்றர் அளவில் பனி விழுந்தது. அதற்குப் பிறகு வாரக்கணக்கில் மேகமே இல்லை. பகலில் வெயில் அடித்தாலும் வடக்குச் சரிவுகளை அது தொடவில்லை. இரவுகள் கடும் குளிர். மண் எப்போதும் பூச்சியம் பாகையை ஒட்டியே இருக்கும், அதன் மேல் கிடக்கும் பனியின் அடிப்பக்கமும் அப்படியே. தெளிந்த இரவில் பனியின் மேற்பரப்பு −20 பாகைக்கு இறங்கிவிடும். இந்த இருபது பாகை வித்தியாசம் நாற்பது சென்ரிமீற்றருக்குள் அடங்கவேண்டும் என்றால், ஒவ்வொரு பத்துச் சென்ரிமீற்றருக்கும் ஐந்து பாகை மாறுகிறது. இரண்டு மீற்றர் பனி இருந்திருந்தால் அதே இருபது பாகை பத்துச் சென்ரிமீற்றருக்கு ஒரு பாகையாகப் பரந்து போயிருக்கும்.

பத்துச் சென்ரிமீற்றருக்கு ஒரு பாகை என்பதுதான் ஏறத்தாழ எல்லைக்கோடு. அதைத் தாண்டினால் அடியில் உள்ள சூடான பனியில் இருந்து நீராவி கிளம்பி, மேலே குளிர்ந்த மணிகளில் போய் உறைகிறது. இப்படி நாட்கணக்கில் நடந்தால் பனி தன் உருவத்தையே மாற்றிக்கொள்கிறது. ஒன்றோடு ஒன்று ஒட்டியிருந்த சின்ன மணிகள், கூரான முனைகளும் தட்டையான முகங்களும் கொண்ட பெரிய படிகங்களாக வளர்கின்றன. கையில் அள்ளினால் சீனி போல விரல்களுக்கு இடையே வழிந்துவிடும். உருண்டையாகப் பிடிக்கவே முடியாது. இங்கே இதை ஷ்விம்ஷ்னே என்பார்கள். போன மாதம் டிஷ்மாவின் நிழல் பக்கம் தோண்டியபோது, நவம்பரில் விழுந்த பனி முழுவதும் இந்த நிலைக்கு வந்துவிட்டதைப் பார்த்தேன். மண்வெட்டியைச் சாய்த்ததும் அடி அடுக்கு தானாகவே கொட்டியது.

ஆகவே உங்கள் கேள்விக்கு விடை: பனி குறைவாக இருந்ததனால்தான் அடித்தளம் இவ்வளவு பலவீனமானது. கற்கள் வெளியே தெரிகின்றன என்று நண்பர்கள் சொன்னார்களே, அதுவே எனக்கு மிகவும் கவலை தரும் செய்தி.

இந்தப் பலவீனமான அடுக்கு தனியாகக் கிடக்கும் வரை பெரிய கேடு இல்லை. அதன் மேல் பலகை போல இறுகிய ஒரு பனி அடுக்கு ஏறவேண்டும். டிசம்பரிலும் ஜனவரியிலும் விழுந்த பனியைக் காற்று அள்ளிக்கொண்டு வந்து, முகடுகளின் மறைவில் இறுக்கமாகப் படிய வைத்துவிட்டது. இப்போது கீழே வழியும் மணிகள், மேலே விறைத்த பலகை, சரிவு முப்பது பாகைக்கு மேல். மிச்சம் இருப்பது ஒரு தூண்டுதல் மட்டும். நடப்பவரின் எடை பனிக்குள் ஒரு மீற்றர் ஆழம் வரைக்கும்தான் நன்றாக உறைக்கும். பலகை தடிப்பாக இருக்கும் இடத்தில் பத்துப் பேர் கடந்தாலும் ஒன்றும் நடக்காமல் போகலாம். பாறை ஓரத்திலும் சரிவு வளைந்து திரும்பும் இடத்திலும் பலகை மெலிந்திருக்கும். பதினோராவது ஆளின் கால் அங்கே பட்டால் அடியில் உள்ள அடுக்கு நொறுங்கும், நொறுங்கல் கண்மூடித் திறப்பதற்குள் சரிவு முழுவதும் ஓடும், அவர் நிற்கும் இடத்துக்கு மேலே பலகை அறுந்து எல்லாமே நகரத் தொடங்கும். போன வாரத் தடங்களைப் பற்றி இதற்குமேல் என்ன சொல்ல? அவை அந்த ஆட்கள் எந்த இடத்தில் மிதித்தார்கள் என்பதைக் காட்டுகின்றன, அவ்வளவுதான்.

தூரத்தில் இருந்து கிளம்புவதைப் பலர் நம்புவதில்லை. சில குளிர்காலங்களுக்கு முன்னர் சேர்டிக் பள்ளத்தாக்கில் நாங்கள் கொஞ்சப் பேர் ஏறக்குறையச் சமதரையில் நடந்துகொண்டிருந்தோம். காலுக்கடியில் "வூம்" என்று அடங்கிய ஒரு சத்தம், தரை சற்று உள்வாங்கியது. ஒரு செக்கன், இரண்டு செக்கன். பக்கத்துச் சரிவின் உச்சியில் கோடு இழுத்ததுபோல ஒரு வெடிப்புத் தெரிந்தது, பிறகு முழுச் சரிவும் இறங்கியது. அது வந்து நிற்கும் தூரத்துக்கு வெளியேதான் பாதையை வைத்திருந்தோம், அதனால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தச் சரிவில் எங்களில் ஒருவர்கூடக் கால் வைத்திருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். "வூம்" கேட்டால், ஸ்கீ முனையில் இருந்து வெடிப்பு ஓடினால், அன்றைக்கு விழுந்த பனிச்சரிவு எங்காவது கண்ணில் பட்டால், சரிவான இடங்களில் அன்றைய வேலை முடிந்தது என்று திரும்பிவிடவேண்டும்.

இனி நிலை 3. ஐந்தில் மூன்று நடுத்தரம் என்ற எண்ணம் எத்தனை பேரைக் கொண்டுபோயிருக்கிறது! இந்த எண்கள் படிக்கட்டு மாதிரி ஒரே உயரமாக ஏறுவதில்லை. ஒவ்வொரு படிக்கும் ஆபத்து பல மடங்காகிறது. நிலை 5 வந்தால் வீதிகளை மூடி, வீடுகளில் இருந்து மக்களை வெளியேற்றுவார்கள். அது அபூர்வம். நிலை 4 வருடத்தில் சில நாட்கள்தான், அன்றைக்குப் பெரும்பாலோர் ஏறுவதில்லை. சுவிஸில் குளிர்கால நாட்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நிலை 3 ஆக இருக்கிறது. பனிச்சரிவில் இறப்பவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் அந்த நாட்களில்தான் இறக்கிறார்கள். சராசரியாக வருடத்துக்கு இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள். பத்தில் ஒன்பது தடவை அந்தச் சரிவைத் தூண்டியவர் இறந்தவரே, அல்லது அவரோடு போனவர். மலை தானாகவே வந்து விழுந்தது என்பது மிகவும் குறைவு.

இதே நிலை 3 புதுப் பனியாலோ காற்றுப் பனியாலோ வந்திருந்தால் நான் இவ்வளவு பிடிவாதமாக எழுதமாட்டேன். காற்றால் சேர்ந்த பனியைப் பழகிய கண் ஓரளவுக்குக் கண்டுபிடிக்கும், சுற்றிப் போகலாம், இரண்டு மூன்று நாளில் அது இறுகவும் செய்யும். பழைய பனியில் பலவீனம் அடியில் ஒளிந்திருக்கிறது. மேலே பார்த்தால் அழகான, மாசு இல்லாத சரிவு. முப்பது வருடம் வழிகாட்டியாக இருந்தவர்களையும் அது ஏமாற்றியிருக்கிறது. அறிக்கை எழுதுபவர்கள் திசையும் உயரமும் சொல்லி எச்சரிக்கும்போது, உங்கள் பாதை அந்தத் திசையிலும் அந்த உயரத்திலும் அந்தச் செங்குத்திலும் அப்படியே விழுகிறது. இதற்குமேல் தெளிவான பதில் மலையில் கிடைக்காது.

அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை. அவரது பயம் எனக்கு விளங்குகிறது, ஆனால் அவர் சொன்ன காரணத்தை நான் ஏற்கமாட்டேன். இந்த மலைகளுக்குக் கீழே நாற்பது வருடமாக வேலை செய்து பிள்ளைகளை வளர்த்திருக்கிறோம். மேலே போவதற்கு நமக்கும் உரிமை இருக்கிறது. ஞாயிறு போகவேண்டாம் என்பதற்குக் காரணம் அடியில் கிடக்கும் நவம்பர்ப் பனி. ஏப்ரலில் போகலாம், பிப்ரவரியிலேயே வேறு சரிவுக்குப் போகலாம்.


வாலிஸ்_தாதி | வெள்ளி, காலை 6.50

இரவு வேலை முடித்து வந்து படித்தேன். பழையபனி அண்ணா எழுதியதில் சேர்க்க எனக்கு இருப்பது ஒன்றுதான்: "எல்லோரிடமும் கருவி இருக்கிறது" என்ற அந்த வரி.

நான் வாலிஸ் மாநிலத்தில் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்கிறேன். எல்.வி.எஸ். கருவி பனிச்சரிவைத் தடுக்காது. புதைந்தவர் எங்கே இருக்கிறார் என்று காட்டும், அதுவும் தேடத் தெரிந்தவருக்கு. தேடிய பிறகு நீளமான குச்சியால் குத்திப் பார்த்து இடத்தை உறுதிசெய்யவேண்டும், பிறகு மண்வெட்டியால் வெட்டவேண்டும். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் மற்ற இரண்டும் பயனில்லை. ஓடி வந்து நின்ற பனி கையால் தோண்டக்கூடியது அன்று. புதைந்தவரால் விரலைக்கூட அசைக்க முடியாத அளவுக்கு அது இறுகிவிடும்.

நேரக் கணக்கு எல்லோருக்கும் மனப்பாடமாக இருக்கவேண்டும். 1981 முதல் 2020 வரை சுவிஸில் நடந்த விபத்துகளை ஆராய்ந்து 2024இல் வெளியிட்ட கணக்கின்படி, முழுவதும் புதைந்து பத்து நிமிடத்துக்குள் வெளியே எடுக்கப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். முப்பது நிமிடம் ஆகும்போது மூன்றில் ஒருவருக்கும் குறைவு. முன்பெல்லாம் பதினைந்து நிமிடம் இருக்கிறது என்று சொல்லித்தருவார்கள், இப்போது பத்துத்தான் என்கிறார்கள். பெரும்பாலானவர்கள் குளிரால் சாவதில்லை, மூச்சு முட்டித்தான் சாகிறார்கள். ஹெலிகொப்டர் எவ்வளவு வேகமாக வந்தாலும் அந்தப் பத்து நிமிடம் உங்கள் நண்பர்களின் கையில்தான் இருக்கிறது.

ஆகையால் ஆரே_கரை, உங்களுக்கு இரவல் தரும் கருவியோடு நீங்கள் எப்போதாவது தேடிப் பழகியிருக்கிறீர்களா? பல பனிச்சறுக்குத் தளங்களில் இதற்கென்றே பயிற்சித் திடல்கள் உண்டு. பனிக்கடியில் அனுப்பும் கருவிகளைப் புதைத்து வைத்திருப்பார்கள். ஐந்து பேரும் அங்கே ஒரு பிற்பகலைச் செலவழியுங்கள். முகத்தைத் தோண்டி எடுத்ததும் வாயிலும் மூக்கிலும் உள்ள பனியை அகற்றி, மூச்சு இல்லை என்றால் உடனே செயற்கைச் சுவாசம் கொடுக்கவும் தெரிந்திருக்கவேண்டும். எண்களையும் சேமித்து வையுங்கள்: ஹெலிகொப்டர் மீட்புச் சேவையான றேகாவுக்கு 1414, வாலிஸில் 144.


வைகைக்கரை | வெள்ளி, பிற்பகல் 2.15

தேனியில் இருந்து எழுதுகிறேன். ராணுவத்தில் இருந்தபோது காஷ்மீரில், பீர் பஞ்சால் மலைத்தொடரில் குளிர்காலங்களைக் கழித்தவன். அங்கே எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது ஏறக்குறைய வேறு பாடம். பெரும் பனிப்பொழிவு நின்ற உடனே நகராதே, வெயில் ஏறுவதற்கு முன்பே சரிவைக் கடந்துவிடு, ஆளுக்கு ஆள் இடைவெளி விட்டுப் போ, ஒருவர் கடக்கும்போது மற்றவர்கள் கண்ணை எடுக்காதே. மணாலியில் இயங்கிய பனி, பனிச்சரிவு ஆய்வு நிறுவனத்தின் எச்சரிக்கை வந்தால்தான் ரோந்து கிளம்பும். இப்போது அந்த நிறுவனம் சண்டிகரில் வேறு பெயரில் இயங்குகிறது.

2016 பிப்ரவரி 3ஆம் தேதி சியாச்சினில், 19,600 அடி உயரத்தில் இருந்த சோனம் முகாமில், மெட்ராஸ் ரெஜிமென்டின் 19வது பட்டாலியனைச் சேர்ந்த பத்துப் பேர் புதைந்தார்கள். அவர்களில் நான்கு பேர் தமிழ்நாட்டவர்கள், ஒருவர் எங்கள் தேனி மாவட்டம். ஆறாம் நாள் லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பாவை உயிரோடு எடுத்தார்கள், 11ஆம் தேதி டெல்லியில் அவரும் இறந்துபோனார். அது உயரத்தில் இருந்து பெரும் பனிச்சுவர் உடைந்து விழுந்தது, இங்கே பேசுவதில் இருந்து வேறு வகை என்று தெரியும். ஆனாலும் பனிச்சரிவு என்ற சொல்லைப் பார்த்தால் எங்கள் ஊரில் அந்த வாரம்தான் நினைவுக்கு வருகிறது. எழுதாமல் இருக்க முடியவில்லை.

பழையபனி ஐயா, ஒரு சந்தேகம். நாங்கள் பயந்தது எப்போதும் அதிகப் பனிக்குத்தான். குறைந்த பனிக்குப் பயப்படவேண்டும் என்று நீங்கள் சொல்வது எனக்குப் புதிது. நாட்டுக்கு நாடு வேறுபடுமா?


பழையபனி | வெள்ளி, மாலை 6.05

வைகைக்கரை ஐயா, அந்தப் பத்துப் பேருக்கும் என் வணக்கம்.

நீங்கள் பீர் பஞ்சாலில் கற்றது சரியான பாடம். இரண்டுமே உண்மை. ஆனால் இரண்டும் வெவ்வேறு ஆட்களைக் கொல்கின்றன.

பீர் பஞ்சால் இந்தியச் சமவெளிப் பக்கம் இருக்கும் முதல் உயர்ந்த வரிசை. மேற்கில் இருந்து வரும் ஈரக்காற்று அங்கேயே பெரும் பாரத்தை இறக்கிவிடுகிறது. மீற்றர் கணக்கில் விழும், குளிரும் ஒப்பீட்டளவில் மிதம். அங்கே பனி ஆழமாக இருப்பதனால் அடித்தளம் நாளடைவில் இறுகிவிடும், ஆபத்து பெரும்பாலும் புயலோடு வந்து புயலுக்குப் பின் சில நாட்களில் தணியும். லடாக், காரகோரம் பக்கம் போனால் பனி குறைவு, குளிர் கொடியது. அங்கே அடி அடுக்கு மாதக்கணக்கில் பலவீனமாகவே கிடக்கும். டாவோசும் எங்காடினும் ஆல்ப்ஸின் உட்பகுதியில் இருப்பதால் அந்த இரண்டாம் வகையை ஒட்டி நிற்கின்றன. ஒரே நாட்டுக்குள்ளேயே இப்படி வேறுபடும். ஒரு மலைத்தொடரின் இரண்டு பக்கத்துக்கும்கூட வேறுபடும்.

அதிகப் பனி இங்கே என்ன செய்யும் என்பதை 1999இல் கண்ணால் பார்த்தேன். ஜனவரி கடைசியில் தொடங்கி பிப்ரவரி முடியும் வரை மூன்று புயல்கள், வட ஆல்ப்ஸில் சில இடங்களில் ஐந்து மீற்றருக்கு மேல் பனி. வாலிஸில் எவொலேன் என்ற ஊரில் பன்னிரண்டு பேர், சுவிஸ் முழுவதும் பதினேழு பேர். எல்லைக்கு அப்பால் ஒஸ்ற்றியாவின் கல்ற்றூர் கிராமத்தில் ஒரே சரிவில் முப்பத்தொரு பேர். பெரும்பாலும் வீட்டுக்குள்ளும் வீதியிலும் இருந்தவர்கள். அதற்கும் முன்னே 1951இல் சுவிஸில் தொண்ணூற்றெட்டுப் பேர் இறந்தார்கள். இன்று ஊர்களுக்கு மேலே தெரிகிற உருக்குத் தடுப்பு வரிசைகள் அந்தக் குளிர்காலத்துக்குப் பிறகுதான் வேகமாகப் பெருகின. ஆக, பெரும் பனி வந்தால் ஊருக்கு ஆபத்து. அரசு வீதியை மூடும், ஆட்களை வெளியேற்றும். பனி குறைந்த வருடத்தில் ஊர் நிம்மதியாக இருக்கும், வீதிகள் திறந்திருக்கும், வானமும் நீலமாக இருக்கும். அந்த அமைதியைப் பார்த்து மேலே ஏறுபவர்தான் மாட்டிக்கொள்கிறார். அவரைத் தடுக்க எவரும் வாசலில் நிற்பதில்லை.

டாவோசுக்கு மேலே வைஸ்ஃபுளுயோகில், 2,540 மீற்றர் உயரத்தில் உள்ள ஆய்வுத் திடலில் 1936இல் இருந்து பனியை அளந்து வருகிறார்கள். நாள்தோறும் ஆழம் அளப்பது, தவறாமல் தோண்டி அடுக்குகளைப் பதிவது என்று தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. அந்த உழைப்பின் பலன்தான் ஐந்து மணிக்கு நமது கைத்தொலைபேசிக்கு இலவசமாக வருகிறது. அதை ஒரு நிமிடத்தில் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடுபவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. எண்ணுக்குக் கீழே உள்ள பந்தியில்தான் உயிர் இருக்கிறது.


ஆரே_கரை | வெள்ளி, இரவு 9.20

மூவருக்கும் மிகவும் நன்றி. இன்று மதியம் எல்லோரும் சேர்ந்து இருந்து கதைத்தோம். நவம்பர்ப் பனியையும் பத்துச் சென்ரிமீற்றர்க் கணக்கையும் நான் தாளில் வரைந்து காட்டினேன். இருவர் உடனே ஒத்துக்கொண்டார்கள். ஒருவருக்குக் கொஞ்சம் கோபம், இரண்டு மாதமாகக் காத்திருந்த பயணம் என்று. நான்காமவர் ஒரு யோசனை சொன்னார்: அடிவாரம் வரை போவோம், அங்கே பனியைத் தோண்டிச் சோதனை செய்து, நன்றாக இருந்தால் ஏறுவோம், இல்லை என்றால் திரும்புவோம். அவர் ஒரு பயிற்சி வகுப்பில் அந்தச் சோதனையைச் செய்து பார்த்திருக்கிறாராம். இது நியாயமாகத்தானே இருக்கிறது? இல்லாவிட்டால் ஞாயிறு நாங்கள் வேறு எங்கே போகலாம்?


பழையபனி | சனி, காலை 7.30

தோண்டிப் பார்ப்பது நல்ல பழக்கம், நானும் செய்கிறேன். உங்கள் நண்பர் சொல்வது அநேகமாக நீட்டிய தூண் சோதனையாக இருக்கும். தொண்ணூறு சென்ரிமீற்றர் அகலம், சரிவின் உள்நோக்கி முப்பது சென்ரிமீற்றர் என்று ஒரு தூணைச் சுற்றிவர அறுத்துத் தனியாக்கி, ஒரு முனையில் மண்வெட்டியை வைத்து முதலில் மணிக்கட்டில் இருந்து பத்துத் தட்டு, பிறகு முழங்கையில் இருந்து பத்து, பிறகு தோளில் இருந்து பத்து. வெடிப்பு ஒரு முனையில் இருந்து மறுமுனை வரை ஓடிவிட்டால் அந்தப் பனி சரிவை முழுவதும் இழுத்துக்கொண்டு போகக்கூடியது என்று பொருள். அப்படி ஓடினால் நம்புங்கள், திரும்பி வாருங்கள்.

ஓடவில்லை என்றால்? அந்த ஒரு குழியில் ஓடவில்லை என்பதோடு சரி. இருபது மீற்றர் தள்ளி, பலகை மெலிந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று அது சொல்லாது. அறிக்கை எழுதுபவர்கள் பல குழிகளையும் பார்வையாளர்களின் தகவல்களையும் சேர்த்துப் பார்த்து 3 என்று சொல்லியிருக்கிறார்கள். அதை ஒரே குழியைக் காட்டி மறுக்க முடியாது. மேலும், மூன்று மணித்தியாலத்துக்கு மேல் ரயிலில் வந்து, அடிவாரத்தில் நின்று, வெயிலும் அடிக்கும்போது ஐந்து பேரும் எந்த விடையை எதிர்பார்த்துத் தோண்டுவீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். அந்த முடிவை வீட்டில் மேசையில் இருந்தே எடுக்கவேண்டும். நேற்று மாலை அறிக்கையிலும் நிலையும் பிரச்சினையும் மாறவில்லை. இன்று மாலை ஐந்து மணிக்கும் நாளை காலை எட்டு மணிக்கும் திரும்பப் பாருங்கள், ஆனால் இந்த மாதிரி அடுக்கு இரண்டு நாளில் குணமாகாது.

எங்கே போகலாம் என்றால், டாவோசை விடவேண்டியதில்லை. ஸ்னோஷூவுக்கென்று இளஞ்சிவப்பு வழிகாட்டிப் பலகை நட்ட பாதைகள் இருக்கின்றன. அவற்றில் திறந்திருப்பதை எடுங்கள். பாதை மூடியதாக அறிவித்திருந்தால் அதற்குக் காரணம் இருக்கும். அந்தப் பலகைப் பாதையை விட்டு நீங்களாகப் போவதானால், உங்கள் கால் படும் இடம் மட்டும் முப்பது பாகைக்குக் கீழே இருந்தால் போதாது. தலைக்கு மேலே உள்ள சரிவையும் அதே வரைபடத்தில் பாருங்கள். மேலே செம்மஞ்சள் இருந்தால் அதன் அடியில் நின்று சாப்பிடவும் கூடாது, படம் எடுக்கவும் கூடாது. அடர்ந்த காடு நல்லது, அங்கொன்றும் இங்கொன்றுமாக மரம் நிற்கும் இடத்தைக் காடு என்று எண்ணவேண்டாம். வனவிலங்குகள் அமைதியாக இருக்க ஒதுக்கிய பகுதிகளும் வரைபடத்தில் இருக்கும், அவற்றுக்குள் நுழையாதீர்கள். குளிர்காலத்தில் ஒரு மானை ஓடவைப்பது அதன் உயிரையே எடுக்கலாம்.

ஸ்கீக்காரர் மூவரும் அன்றைக்குத் திறந்திருக்கும் பாதைகளில், கம்பம் நட்ட எல்லைக்குள் ஓடட்டும். கோபமாக இருக்கும் நண்பரிடம் சொல்லுங்கள்: ஏப்ரலில், இரவில் நன்றாக உறைந்து அடுக்குகள் ஒன்றாகிய பிறகு, அதே முகட்டுக்கு நான் கூட்டிக்கொண்டு போகிறேன், அன்றைய அறிக்கை இடம் கொடுத்தால். அம்மாவும் விரும்பினால் டிஷ்மாவின் அடிவாரம் வரை வரட்டும், அங்கே குளிர்கால நடைபாதை இருக்கிறது.

வாலிஸ்_தாதி சொன்ன பயிற்சியை நாளைக்கே செய்யலாம். இரவல் கருவியைக் கையில் வாங்கியதும் மின்கல அளவைப் பாருங்கள். பாதிக்குக் குறைவாக இருந்தால் புதிய அல்கலைன் மின்கலம் போடுங்கள், மீள்மின்னேற்றும் மின்கலம் வேண்டாம். கருவியை ஜாக்கெட்டுக்கு உள்ளே, உடம்போடு ஒட்டிய வாரில் கட்டவேண்டும், முதுகுப்பையில் போடக்கூடாது. கைத்தொலைபேசியை அதில் இருந்து குறைந்தது இருபது சென்ரிமீற்றர் தள்ளி வையுங்கள், தேடும்போது ஐம்பது. கிளம்பும் முன் ஒருவர் தள்ளி நின்று, மற்ற நால்வரும் ஒவ்வொருவராக அவரைக் கடந்து நடந்து, கருவி அனுப்புகிறதா என்று பாருங்கள். பிறகு அவருடைய கருவியை இன்னொருவர் பார்க்கவேண்டும். அதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.